ராத்திரி பிரஷரும் குழாய் லீக்கும்: பிரஷரை அடக்கி தண்ணி இழப்பைக் குறைக்க முழு வழிகாட்டி

தண்ணி லைன்ல லீக்குன்னாலே ரோட்டைப் பொளந்துக்கிட்டு பீச்சி அடிக்கிற உடைப்புதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா அது ஒரு வகையில நல்ல லீக்குதான், ஏன்னா கண்ணுக்குத் தெரியுது, ஜனங்க போன் மேல போன் போடுறாங்க, ஒன்னு ரெண்டு நாள்ல தோண்டி அடைச்சிடுறாங்க. கணக்குல நம்மளைக் கவுக்கிறது மத்ததுதான்: ஜாயின்ட்ல கசியுறது, மெயின்ல இருந்து வீட்டு லைன் பிரியுற ஃபெரூல்ல கசியுறது, மெயின்ல இருந்து வீட்டுக்குப் போற சின்ன பைப்புல மயிரிழை விரிசல் விட்டு மாசக்கணக்கா மண்ணுக்குள்ளேயே போறது. ஒவ்வொன்னும் சின்னதுதான், ஆனா லீவே இல்லாம 24 மணி நேரமும் ஓடுது. அதுல ரொம்ப சின்னதுங்க சத்தம்கூட போடாது, லீக் கண்டுபிடிக்கிற மைக்கை வெச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க தெருத்தெருவா நடந்தாலும் சிக்காது. அதைக் குறைக்க ரெண்டே வழி, ஒன்னு பைப்பையே மாத்தணும், இல்ல பிரஷரைக் குறைக்கணும். பைப் மாத்துறதுக்கு வருஷக்கணக்கும் ஏகப்பட்ட பணமும் வேணும், பிரஷர் வேலையை ஒரு ஏரியாவுக்கு சில மாசத்துல முடிச்சிடலாம்.

இதைப் படிக்கிறவங்க ஒரு ஊரோட இல்ல ஒரு பெரிய குடியிருப்போட தண்ணி லைனைப் பார்த்துக்கிறவங்கன்னு வெச்சுக்கிட்டு எழுதுறேன்.

பிரஷருக்கும் லீக்குக்கும் என்ன கணக்கு

பிரஷரை மீட்டர்ல சொல்லுறதுதான் இந்த வேலையில சௌகரியம், தண்ணி எவ்வளவு உயரம் ஏறும்ங்கிற அளவு அது, 10 மீட்டர்னா கிட்டத்தட்ட 1 பார். ஒரு ஓட்டை வழியா போற தண்ணி பிரஷரோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி கூடும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம், அதாவது பிரஷர் நாலு மடங்கானா லீக் ரெண்டு மடங்கு. ஓட்டையோட அளவு மாறாம இருந்தா அது சரி, இரும்பு பைப்புல துருப்பிடிச்சு விழுந்த பொத்தலுக்குப் பொருந்தும். ஆனா பிளாஸ்டிக் பைப்புல நீளவாக்குல விட்ட கீறலும், ரப்பர் ரிங் ஜாயின்ட்டும் அப்படி இல்ல, பிரஷர் ஏறும்போது அந்த வாயே அகலமா விரியுது, அதனால பிரஷரைவிட வேகமா லீக் ஏறுது. 1994-ல, லீக்கை ஆராய்ஞ்ச ஜான் மேங்கிறவர் இதை ஒழுங்கா எடுத்து வெச்சார், அதுல இருந்துதான் இன்னைக்கு எல்லாரும் உபயோகிக்கிற கணக்கு வந்துச்சு: புது லீக்கை பழைய லீக்கால வகுத்தா வர்றது, புது பிரஷரைப் பழைய பிரஷரால வகுத்து ஒரு அடுக்கு போட்டா வர்றதுக்குச் சமம். அந்த அடுக்குக்குப் பேரு என்1. மாறாத ஓட்டைக்கு 0.5, விரியுற கீறலுக்கு 1.5, சில சமயம் அதுக்கும் மேல. எல்லா வகையும் கலந்து கிடக்கிற ஒரு ஏரியாவுக்கு மொத்தமா 1-க்குப் பக்கத்துல வரும், அதாவது பிரஷர் 10 சதவீதம் குறைஞ்சா லீக்கும் கிட்டத்தட்ட 10 சதவீதம் குறையும். முதல் கணக்குக்கு 1-னே வெச்சுக்கலாம், சொந்த என்1 கண்டுபிடிக்கிறதைப் பின்னாடி சொல்றேன்.

இதைவிட எனக்குப் பெருசாப் படுறது உடைப்போட எண்ணிக்கை. 2007-ல தண்ணி இழப்பு நிபுணர்களான ஜூலியன் தார்ன்டனும் ஆலன் லாம்பர்ட்டும் 10 நாட்டுல இருந்து 112 இடங்களோட விவரத்தைச் சேர்த்துப் பார்த்தாங்க, சராசரியா அதிகபட்ச பிரஷரை 38 சதவீதம் குறைச்ச இடங்கள்ல புது உடைப்பு சராசரியா 53 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அதாவது இருக்கிற லீக் குறையுறது ஒரு லாபம், வரப்போற லீக் வராமப் போறது இன்னொரு லாபம், தோண்டுற கூலி, ரோடு போடுற செலவு, தண்ணி நிறுத்துறது, ஜனங்ககிட்ட திட்டு வாங்குறது எல்லாமே இதுல அடங்கிடும். அடிக்கடி உடைஞ்சுக்கிட்டே இருக்கிற ஏரியாவுல இது பளிச்சுன்னு தெரியும், ஏற்கனவே உடைப்பு கம்மியா இருக்கிற இடத்துல பெருசா எதிர்பார்க்காதீங்க.

இன்னொரு விஷயம், இதுதான் மொத்த வேலைக்கும் சாவி. பகல்ல எல்லாரும் தண்ணி பிடிக்கும்போது பைப்புல ஓட்டம் அதிகம், உராய்வுல பிரஷர் நிறைய செலவாயிடும், கடைசி தெருவுக்குப் போகும்போது நோஞ்சானா இருக்கும். ராத்திரி 2 மணிக்கு யாரும் பிடிக்கல, ஓட்டம் குறைவு, உராய்வு குறைவு, தொட்டியோட முழு உயரமும் அப்படியே பைப்பு மேல ஏறி உக்காந்துக்கும். யாருக்கும் தேவையில்லாத நேரத்துல பிரஷர் உச்சத்துல இருக்கு, அந்த உபரி எல்லாம் லீக்குக்குத்தான் தீனி. அந்த உபரியை உருவுறதுதான் நம்ம வேலை, பகல்ல கடைசி வீட்டுக்கு வர்ற பிரஷர்ல கை வைக்கக் கூடாது.

முதல்ல ஏரியாவைப் பிரிங்க, வேலியைச் சரி பாருங்க

பிரஷரைக் குறைக்கிற வால்வு வாங்குறதுல ஆரம்பிக்கிறவங்கதான் ஜாஸ்தி, அது தப்பான முனை. மொதல்ல மேப் வேணும், அதுல பைப்போட சைஸ், எந்த வருஷம் போட்டது, வால்வு எங்க, நில மட்டம் எவ்வளவுன்னு இருக்கணும். நில மட்டம் இல்லாத மேப் இந்த வேலைக்கு உதவாது, ஏன்னா ஒரே தொட்டியில இருந்து போற தண்ணி பள்ளத்துல இருக்கிற தெருவுல 60 மீட்டரும் மேட்டுல இருக்கிற தெருவுல 15 மீட்டருமா இருக்கலாம், ரெண்டையும் ஒரே வால்வுல கட்டுனா மேட்டுக்காரங்களுக்காக பள்ளத்துல இருக்கிறவங்களைக் காலத்துக்கும் 60-லயே வெச்சிருக்கணும்.

அதனால உயரம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற தெருக்களை ஒன்னாச் சேர்த்து, 500-ல இருந்து 3,000 கனெக்‌ஷன் வரைக்கும் ஒரு மண்டலமாப் பிரிக்கணும். உள்ள வர்ற வழி ஒன்னே ஒன்னா இருந்தா நல்லது, ரெண்டு வழியும் இருக்கலாம், ஆனா அப்போ ரெண்டு வால்வும் ஒன்னோட ஒன்னு மல்லுக்கட்டாம செட் பண்ணுறது தனி தலைவலி. வர்ற வழியில ஓட்டத்தை அளக்குற ஃப்ளோ மீட்டர். மத்த எல்லா எல்லை வால்வும் மூடி இருக்கணும்.

மூடி இருக்குன்னு ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கிறதை நம்பாதீங்க. பாதி எல்லை வால்வு உள்ளுக்குள்ள தேஞ்சு தண்ணி விட்டுக்கிட்டு இருக்கும், இல்லேன்னா எப்பவோ ஒரு ரிப்பேருக்குத் திறந்துட்டு மூட மறந்திருப்பாங்க. டெஸ்ட் இப்படி: ராத்திரி உபயோகம் கம்மியா இருக்கிற நேரத்துல உள்ள வர்ற வால்வை மூடுங்க, ரெண்டு மூணு இடத்துல பிரஷர் காட்டுற கேஜ் மாட்டி ஆள் நிக்க வைங்க. எல்லை சரியா இருந்தா பிரஷர் சரசரன்னு இறங்கிக்கிட்டே போகும். ஒரு அளவுக்கு இறங்கிட்டு அங்கேயே நின்னுச்சுன்னா வேற எங்க இருந்தோ தண்ணி வருதுன்னு அர்த்தம், எந்தக் கேஜ் கடைசி வரைக்கும் இறங்காம நிக்குதோ அதுக்குப் பக்கத்துல இருக்கிற எல்லை வால்வுமேல காதை வெச்சுக் கேளுங்க, உஸ்ஸுன்னு சத்தம் வரும். பிரஷரை முழுசா பூஜ்யத்துக்குக் கொண்டு போகணும்னு பிடிவாதம் வேண்டாம், பைப்புக்குள்ள பிரஷர் செத்துப்போச்சுன்னா லீக் இருக்கிற ஓட்டை வழியாவே வெளிய இருக்கிற சாக்கடைத் தண்ணி உள்ள வரும். இறங்குற போக்கு தெரிஞ்சதும் திரும்பத் திறந்துடுங்க, மெதுவாத் திறங்க.

எல்லை வால்வோட மூடிக்கு வேற கலர் பெயின்ட் அடிச்சு வைங்க, இல்லேன்னா அடுத்த மாசமே யாராவது நல்ல எண்ணத்துல திறந்து விட்டுடுவாங்க.

அளக்குறது: எங்க, எப்ப, எவ்வளவு நாள்

மூணு இடத்துல டேட்டா லாகர் வேணும், அதாவது ரீடிங்கைத் தானே பதிவு பண்ணிக்கிற கருவி. உள்ள வர்ற இடம் ஒன்னு. ரெண்டாவது, மண்டலத்தோட சராசரி பிரஷரைக் காட்டுற இடம், அதாவது எல்லா கனெக்‌ஷனோட நில மட்டத்துக்கும் சராசரி எடுத்து அந்த உயரத்துல, நடுவாந்திரமா இருக்கிற ஒரு ஹைட்ரன்ட் (தீயணைப்புக் குழாய்) இல்ல ஒரு வீட்டுக் குழாய். மூணாவது ஆகப் பலவீனமான இடம், பெரும்பாலும் மேட்டுல இருக்கிறது இல்ல லைனோட கடைசி. எது பலவீனமான இடம்னு மேப்பைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, சந்தேகம் இருக்கிற ரெண்டு மூணு இடத்துலயும் லாகர் போட்டுப் பாருங்க, பாதி மூடின ஒரு வால்வு இருந்தா மேட்டைவிட ஒரு சமதளத் தெரு மோசமா இருக்கும். அந்த வால்வைக் கண்டுபிடிச்சு முழுசாத் திறந்துட்டாலே சில சமயம் இன்னும் 5 மீட்டர் கூடுதலா குறைக்க இடம் கிடைக்கும், பைசா செலவில்லாம.

15 நிமிஷத்துக்கு ஒரு ரீடிங், குறைஞ்சது ஒரு வாரம், லீவு நாளும் அதுல வரணும். கிராஃப் வந்ததும் முதல்ல ராத்திரி 2-ல இருந்து 4 மணி வரைக்கும் பாருங்க. ஓட்டம் அங்க அடிமட்டத்துல இருக்கும், பிரஷர் உச்சத்துல இருக்கும், ரெண்டு கோடும் எதிரெதிரா வளைஞ்சு நிக்கும். அந்த இடைவெளி எவ்வளவு அகலமோ அவ்வளவு வேலை இருக்கு. பிரஷர் கோடு நாள் முழுக்க கிட்டத்தட்ட நேராவே இருந்தா பைப் பெருசு, உராய்வு குறைவு, சாதாரண வால்வே போதும். ராத்திரிக்கும் காலையிலக்கும் 20 மீட்டர் வித்தியாசம் இருந்தா, நேரத்தையோ ஓட்டத்தையோ பார்த்து தானே மாத்திக்கிற புத்தியுள்ள வால்வு வேணும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

20 கிலோமீட்டர் மெயின், 1,500 கனெக்‌ஷன் இருக்கிற ஒரு மண்டலத்தை வெச்சுக்குவோம். ராத்திரி 3 மணி வாக்குல, ஒரு மணி நேரத்துக்கு 40 கன மீட்டர் உள்ள வருது. அந்த நேரத்துல முழிச்சு இருக்கிறவங்க, ஆஸ்பத்திரி, ஹோட்டல் மாதிரி இடங்க நியாயமா எடுக்கிறது 6-னு வெச்சா, லீக் 34. சராசரி இடத்துல ராத்திரி பிரஷர் 50 மீட்டர், நாள் முழுக்கச் சராசரி 42. வீட்டு மேல்தொட்டி ராத்திரியில நிரம்புற ஊரா இருந்தா இந்த 6 ரொம்ப ஏறும், அதை யூகிக்காம சில வீட்டு மீட்டரை ராத்திரியிலயே போய்ப் படிச்சு எடுங்க, இங்க தப்பு பண்ணா மொத்தக் கணக்கும் கோணலாயிடும்.

என்1 1-னு எடுத்தா, 34-ஐ 50-ஆல வகுத்தா ஒரு மீட்டர் பிரஷருக்கு மணிக்கு 0.68 கன மீட்டர் லீக். ஒரு நாளைக்கு 0.68 பெருக்கல் 42 பெருக்கல் 24, ஏறக்குறைய 685 கன மீட்டர். இந்த இடத்துல நிறைய பேரு ராத்திரி லீக்கை அப்படியே 24-ஆல பெருக்கி 816-னு எழுதிடுறாங்க, பகல்ல பிரஷர் இறங்குறதால லீக்கும் இறங்கும்ங்கிறதை விட்டுடுறாங்க. சரியா பெருக்க வேண்டியது 24 பெருக்கல் 42 வகுத்தல் 50, அதாவது சுமார் 20.

இப்போ எல்லா நேரமும் 15 மீட்டர் குறைக்க முடிஞ்சா ஒரு நாளைக்கு 245 கன மீட்டர் மிச்சம். பகல்ல குறைக்க வழியே இல்ல, ராத்திரி 6 மணி நேரம் மட்டும்தான் முடியும்னா 61. ரெண்டுக்கும் நடுவுல எது நம்ம மண்டலத்துக்குச் சாத்தியம்ங்கிறது பலவீனமான இடத்து லாகர் சொல்லும். ராத்திரி 50-ல இருந்து 35-க்கு இறக்குனா அந்த 34 எவ்வளவா ஆகும்னும் பார்த்துடலாம்: என்1 0.5-னா 28.4, 1-னா 23.8, 1.5-னா 19.9. இரும்பு மட்டும் இருக்கிற ஊரும் பிளாஸ்டிக் மட்டும் இருக்கிற ஊரும் ஒரே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

சொந்த என்1 வேணும்னா ஒரு ராத்திரி உள்ள வர்ற பிரஷரைப் படிப்படியா இறக்கி, ஒவ்வொரு படியிலயும் அரை மணி நேரம் நிறுத்தி, சராசரி இடத்துப் பிரஷரையும் உள்ள வர்ற ஓட்டத்தையும் எழுதுங்க. ஓட்டத்துல இருந்து நியாயமான உபயோகத்தைக் கழிச்சிட்டு, ரெண்டு லீக்கோட விகிதத்துக்கு லாக் (லாகரிதம், மடக்கை) எடுத்து, ரெண்டு பிரஷரோட விகிதத்துக்கு எடுத்த லாக்கால வகுத்தா என்1 வந்துடும்.

எந்த மாதிரி கட்டுப்பாடு

பிரஷர் ரெடியூசிங் வால்வு, சுருக்கமா பி.ஆர்.வி, அதோட வேலை என்னன்னா மேல, அதாவது தண்ணி வர்ற பக்கம், எவ்வளவு பிரஷர் வந்தாலும் கீழ, அதாவது தண்ணி போற பக்கம், நாம சொன்ன அளவைத் தாண்ட விடாது. இதுல நாலு விதம் இருக்கு.

ஒரே அளவுல நிக்கிறது முதல் விதம். எளிமை, பேட்டரி வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், கெட்டுப்போக பெருசா எதுவும் இல்ல. ஆனா காலையில உச்ச நேரத்துல கடைசி வீட்டுக்குப் போதுமான அளவுக்கு செட் பண்ணியாகணும், அதே அளவு ராத்திரியும் நிக்கும், அதனால ராத்திரி உபரி முழுசாப் போகாது. இருந்தாலும் முதல் முதலா இறங்குறவங்க இதுல ஆரம்பிக்கிறதுதான் நல்லது, லாபத்துல பெரும்பகுதி இதுலயே வந்துடும். ரெண்டாவது, நேரத்துக்கு ஏத்த மாதிரி ரெண்டு அளவு, பகலுக்கு ஒன்னு ராத்திரிக்கு ஒன்னு. விலை கொஞ்சம்தான் கூடும். குறை என்னன்னா ராத்திரி 2 மணிக்குத் தீப்பிடிச்சா அந்த வால்வுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். மூணாவது விதத்துக்கு அந்தப் பிரச்சனை இல்ல, அது ஓட்டத்தைப் பார்த்து பிரஷரை ஏத்தி இறக்கும், தீயணைப்புக்காரங்க ஹைட்ரன்டைத் திறந்த உடனே ஓட்டம் ஏறும், வால்வும் திறந்துக்கும். பகலுக்கும் ராத்திரிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிற மண்டலத்துக்கு என் ஓட்டு இதுக்குத்தான். நாலாவது, பலவீனமான இடத்துல சென்சார் வெச்சு அங்க இருந்து வர்ற சிக்னலைப் பார்த்து வால்வு தன்னைத் தானே மாத்திக்கிறது. காகிதத்துல இதுதான் சிறந்தது, ஆனா சிக்னல் போச்சுன்னா என்ன பண்ணணும்னு முன்னாடியே முடிவு பண்ணி வைக்கணும், பார்த்துக்க ஆள் இல்லாத இடத்துல இதை மாட்டுறது வீண்.

பம்ப்பு நேரா லைனுக்குத் தள்ளுற இடத்துல வால்வு போட்டுக் குறைக்கிறது கரன்ட்டைக் கொட்டி பிரஷர் ஏத்திட்டு அதையே கழுத்தைப் பிடிச்சு நெரிக்கிற கதை, அங்க பம்ப்போட வேகத்தை மாத்துற டிரைவ் போடுங்க. வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி பிரஷர் மாறும், வேகத்தை 10 சதவீதம் குறைச்சாலே பம்ப்பு தர்ற பிரஷர் 19 சதவீதம் குறையும், கரன்ட்டு பில்லும் கூடவே இறங்கும்.

வால்வு சைஸும் சேம்பரும்

மெயின் பைப் என்ன சைஸோ அதே சைஸ்ல வால்வு வாங்காதீங்க. பைப்பை 30 வருஷத்துக்கு அப்புறம் வரப்போற ஜனத்தொகைக்குப் போட்டிருப்பாங்க, இன்னைக்கு ராத்திரி ஓட்டத்துக்கு அந்த வால்வு லேசா மட்டும் திறந்து நிக்கும், அந்த நிலையில அதால நிதானமா நிக்க முடியாது, திறந்து மூடி திறந்து மூடின்னு ஆடும், கீழ இருக்கிற பைப் எல்லாம் அந்த ஆட்டத்தை வாங்கும். பெரும்பாலும் பைப்பைவிட ஒரு சைஸ் சின்னது சரியா வரும், ஆனா லாகர்ல வந்த குறைஞ்ச ஓட்டம், அதிக ஓட்டம், தீயணைப்பு ஓட்டம் மூணையும் கம்பெனி தர்ற சார்ட்ல வெச்சுப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். குறைஞ்சதுக்கும் அதிகத்துக்கும் நடுவுல ரொம்ப தூரம் இருந்தா பக்கத்துப் பக்கத்துல ஒரு பெரிய வால்வும் ஒரு சின்ன வால்வும் போட்டு, சின்னதைக் கொஞ்சம் உயர்ந்த அளவுக்கு செட் பண்ணிட்டா ராத்திரியை சின்னது பார்த்துக்கும்.

மேல இருக்கிற பிரஷர் கீழ இருக்கிறதைவிட மூணு மடங்குக்கு மேல போச்சுன்னா வால்வுக்குள்ள தண்ணி குமிழி விட்டு உடைஞ்சு உலோகத்தையே அரிச்சிடும், கூழாங்கல்லு உருளுற மாதிரி சத்தம் கேக்கும். அங்க ரெண்டு வால்வை வரிசையாப் போட்டு ரெண்டு தவணையாக் குறைக்கணும்.

சேம்பர்ல, அதாவது வால்வு உக்காருற குழியில, வால்வுக்கு முன்னாடி குப்பையை வடிகட்டுற ஸ்ட்ரெய்னர், ரெண்டு பக்கமும் மூடுற வால்வு, வால்வைச் சுத்திப் போற பைபாஸ் பைப், ரெண்டு பக்கமும் கேஜ், காத்து போக ஏர் வால்வு. மீட்டர் வால்வுக்கு முன்னாடி, அதுக்கு வேண்டிய நேர் பைப்போட இருக்கணும். மனுஷன் இறங்கி உக்காந்து ஸ்பேனர் திருப்ப இடமும் மழைத் தண்ணி வடிய வழியும் வேணும், இதை மட்டும் விட்டுட்டீங்கன்னா அந்த வால்வை அதுக்கப்புறம் யாருமே எட்டிப் பார்க்க மாட்டாங்க.

ஓட விடுற ராத்திரி

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. சத்தம் போடுற பெரிய லீக்கை எல்லாம் பிரஷர் அதிகமா இருக்கும்போதே தேடிப் பிடிச்சு அடைச்சிடுங்க. பிரஷர் குறைஞ்சா லீக்கோட சத்தமும் குறையும், அப்புறம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஏற்கனவே குறைச்சிட்ட மண்டலத்துல லீக் தேடணும்னா அந்த ராத்திரிக்கு மட்டும் பிரஷரை ஏத்தி வெச்சுத் தேடலாம்.

லைன்ல தண்ணி ஓடும்போதுதான் செட் பண்ணணும், ஓட்டமே இல்லாம செட் பண்ணா அது பொய் ரீடிங். முதல்ல வால்வு தலையில இருக்கிற பிளக்கைக் கொஞ்சமா இளக்குங்க, சீறிக்கிட்டு காத்தும் தண்ணியும் கலந்து வரும், வெறும் தண்ணி வர்ற வரைக்கும் விட்டுட்டு இறுக்குங்க. காத்து உள்ள மாட்டிக்கிட்டா கேஜ் முள்ளு நடுங்கிக்கிட்டே இருக்கும், என்ன திருப்பினாலும் நிக்காது. அப்புறம் பைலட்டோட, அதாவது பெரிய வால்வை இயக்குற குட்டி வால்வோட, லாக் நட்டை இளக்கி, ஸ்க்ரூவை இடது பக்கமா கால் சுத்து மட்டும் திருப்புங்க, இடது பக்கம் குறையும், வலது பக்கம் ஏறும். திருப்பிட்டு கையை எடுத்துட்டு முள்ளைப் பாருங்க. உடனே இறங்காது, கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு மெதுவா இறங்கி ஒரு இடத்துல நிக்கும். அது நின்னதுக்கு அப்புறம்தான் அடுத்த கால் சுத்து. அவசரப்பட்டு ஒரு முழு சுத்து திருப்புனா முள்ளு தாண்டிப் போகும், நீங்க திரும்ப ஏத்துவீங்க, அது திரும்பத் தாண்டும்.

ஒரே ராத்திரியில 15 மீட்டரையும் இறக்காதீங்க. 3-ல இருந்து 5 மீட்டர் இறக்கி ஒரு வாரம் விட்டுப் பாருங்க, பலவீனமான இடத்து லாகரைப் பாருங்க, புகாரைப் பாருங்க, அப்புறம் அடுத்த படி. எந்த அளவுக்குக் கீழ போகக் கூடாதுங்கிறது அந்தந்த இடத்து விதிப்படி, அதுக்கு மேல ஒரு ரெண்டு மீட்டர் கையில வெச்சுக்கோங்க.

புகார் வரத்தான் செய்யும். போய்ப் பார்த்தா நிறைய வீட்டுல கோளாறு உள்ளுக்குள்ளதான் இருக்கும்: மீட்டர் ஃபில்டர் அடைச்சிருக்கும், ஸ்டாப் டேப் பாதி மூடி இருக்கும், பழைய இரும்பு பைப் உள்ளுக்குள்ள துரு ஏறி பேனா ரீஃபில் அளவுக்குச் சுருங்கி இருக்கும். பிரஷர் அதிகமா இருந்தவரைக்கும் அது வெளிய தெரியல. ஒரு புகாருக்காக மொத்த மண்டலத்தையும் ஏத்திவிடாம, அந்த வீட்டு ஃபில்டரைக் கழுவிக் குடுங்க, பாதி புகார் அங்கேயே முடிஞ்சிடும். மாடிக் கட்டடங்களையும், டயாலிசிஸ் மாதிரி தடையில்லாம தண்ணி வேண்டிய இடங்களையும் முன்கூட்டியே போய்ப் பார்த்துப் பேசிடுங்க. சம்ப்புல பிடிச்சு சொந்த பம்ப்புல ஏத்துற கட்டடத்துக்கு இதுல ஒன்னும் ஆகாது.

எவ்வளவு தூரம் போகும்

பெரிய அளவுல பண்ணதுக்கு தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன் பக்கத்துல இருக்கிற கயேலிட்ஷா நல்ல உதாரணம். அங்க வீட்டுக்குள்ள இருக்கிற டாய்லெட் தொட்டியும் குழாயும் ராத்திரி பிரஷர் தாங்காம ஒழுகி, ராத்திரியிலயே மணிக்கு சுமார் 1,600 கன மீட்டர் போய்க்கிட்டு இருந்துச்சு. 2001-ல அந்தப் பகுதிக்குத் தண்ணி வர்ற முகப்புலயே பிரஷரைக் கட்டுப்படுத்துனாங்க, வருஷத்துக்கு சுமார் 90 லட்சம் கன மீட்டர் மிச்சமாச்சு. வீடு வீடா போய் எல்லாக் குழாயையும் மாத்தியிருந்தா எத்தனை வருஷம் ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பலனை எதுல அளக்குறீங்கங்கிறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. லீக்கை எடை போட உலகம் பூரா ஒரு குறியீடு வெச்சிருக்காங்க, ஐ.எல்.ஐ (இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லீக்கேஜ் இண்டெக்ஸ்)-னு பேரு, இப்போ இருக்கிற லீக்கை, என்ன பண்ணாலும் தவிர்க்க முடியாத லீக்கால வகுக்கிறது. தவிர்க்க முடியாதது ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்னா: மெயினோட கிலோமீட்டரை 18-ஆல பெருக்கி, கனெக்‌ஷன் எண்ணிக்கையை 0.8-ஆல பெருக்கி, வீட்டு எல்லையில இருந்து மீட்டர் வரைக்கும் இருக்கிற பைப்போட மொத்த கிலோமீட்டரை 25-ஆல பெருக்கி, மூணையும் கூட்டி, சராசரி பிரஷரால பெருக்கணும். மீட்டர் எல்லையிலேயே இருக்குன்னு வெச்சா நம்ம மண்டலத்துக்கு 1,560 பெருக்கல் 42, அதாவது ஒரு நாளைக்கு 65.5 கன மீட்டர், ஐ.எல்.ஐ சுமார் 10.5. பிரஷரை 15 மீட்டர் இறக்கி லீக் 685-ல இருந்து 441-க்கு வந்தப்புறம் பார்த்தா, சராசரி 27 ஆயிடுச்சு, வகுக்கிற எண்ணும், அதாவது தவிர்க்க முடியாத லீக்கும், 65.5-ல இருந்து 42 கன மீட்டருக்கு இறங்கிடுச்சு, ஐ.எல்.ஐ அதே 10.5! தண்ணி மூணுல ஒரு பங்குக்கு மேல மிச்சமாயிருக்கு, மார்க் மட்டும் ஏறல. மேலதிகாரிகிட்ட ரிப்போர்ட் குடுக்கும்போது ஐ.எல்.ஐ-யை மட்டும் காட்டுனா வேலையே நடக்காத மாதிரி தெரியும், ராத்திரி ஓட்டம், ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் லீக், மாசத்துக்கு எத்தனை உடைப்பு, இந்த மூணையும் காட்டுங்க.

நேரம் வெச்சு தண்ணி விடுற இடத்துல

ஒரு நாளைக்கு சில மணி நேரம் மட்டும் விடுற லைன்ல மேல சொன்னது அப்படியே ஓடாது. தண்ணி விட்ட உடனே எல்லார் வீட்டுலயும் தொட்டி, குடம், டிரம் எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும், பிரஷர் வால்வு செட் பண்ண அளவுக்கு வரவே வராது, வால்வு முழுசாத் திறந்து சும்மா நிக்கும். அங்க உடைப்புக்கு முக்கியக் காரணம் தினமும் காலி பைப்பை நிரப்புறதுதான், காத்தும் தண்ணியும் முட்டிக்கிட்டு ஓடும், வால்வை வேகமாத் திறந்து மூடுறதால அடி விழும். இரும்பு பைப்புல விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துல வர்ற தண்ணியைப் பட்டுன்னு நிறுத்துனா கிட்டத்தட்ட 100 மீட்டர் பிரஷர் ஒரு அறை மாதிரி விழும், பிளாஸ்டிக்ல அதுல பாதிக்கும் கம்மி. இந்த அடி 15 நிமிஷ லாகர்ல தெரியாது, விநாடிக்குப் பல ரீடிங் எடுக்கிறது வேணும். அங்க முதல் வேலை வால்வை நிதானமாத் திறக்கிறதும் ஏர் வால்வைச் சரி பண்ணுறதும்தான். 24 மணி நேர சப்ளைக்கு மாறுறவங்க பிரஷர் கட்டுப்பாட்டோடதான் மாறணும், 4 மணி நேரம் ஒழுகுன ஓட்டை அதே பிரஷர்ல 24 மணி நேரம் ஒழுகுனா லீக் ஆறு மடங்கு.

அப்புறம் பார்த்துக்கிறது

பைலட்டுக்குப் போற குட்டி ஸ்ட்ரெய்னர் அடைச்சாலோ, வால்வுக்குள்ள இருக்கிற டயாஃப்ரம்ங்கிற ரப்பர் தகடு கிழிஞ்சாலோ இந்த வகை வால்வு பெரும்பாலும் திறந்த நிலைக்குப் போயிடும். தண்ணி வந்துக்கிட்டே இருக்கும், புகார் எதுவும் வராது, ஆனா கீழ இருக்கிற பைப் எல்லாம் திடீர்னு பழைய முழு பிரஷரை வாங்கும், குறைஞ்ச பிரஷருக்குப் பழகின பைப்புல வரிசையா உடைப்பு விழும். அதனால வால்வுக்குக் கீழ இருக்கிற லாகரைக் கழட்டவே கூடாது, செட் பண்ண அளவுக்கு மேல போனா போனுக்கு மெசேஜ் வர்ற மாதிரி வைங்க. ஸ்ட்ரெய்னரை ஆரம்பத்துல மாசம் ஒரு தடவை கழட்டிக் கழுவுங்க, எவ்வளவு மண்ணு வருதுன்னு பார்த்து இடைவெளியைக் கூட்டலாம். மூடின எல்லை வால்வுக்குப் பக்கத்துல தண்ணி தேங்கி நாறும், அங்க லைனைக் கழுவி விடுற வாஷ் அவுட் வால்வைத் திறந்து விடணும்.

ராத்திரி ஓட்டம் படிப்படியா ஏறுனா புது லீக், ஒரே நாள்ல குதிச்சா உடைப்பு இல்ல யாரோ எல்லை வால்வைத் திறந்திருக்காங்க. பிரஷரும் சேர்ந்து ஏறியிருந்தா எல்லா இடத்துக்கும் முன்னாடி சேம்பர்ல இறங்கி பைபாஸைப் பாருங்க, ரிப்பேருக்கு வந்தவங்க அதை அரைகுறையாத் திறந்து விட்டுட்டுப் போயிருப்பாங்க.